கோயாசானில் ஒரு ராத்தங்கல்: சென்னைக்காரருக்கு ஒத்துவருமா?

சென்னையில் விற்கும் ஜப்பான் டூர் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் ஓடுகின்றன: டோக்கியோ, ஃபுஜி மலை, கியோத்தோ, ஒசாகா. கோயாசான் என்ற பெயர் அதில் வந்தாலே பெரிய விஷயம். வந்தாலும் ‘ஒசாகாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புதல்’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அப்படிப் போவது வீண்செலவு. பத்தரை மணிக்கு மேல் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டத்தோடு சுற்றிவிட்டு, ஊர் அடங்கும் நேரத்தில் கீழே இறங்கியிருப்பீர்கள். கோயாசானுக்குக் காசு கொடுப்பதே கோயிலுக்குள் ஓர் இரவு தங்கி, சாயங்காலம் அவர்கள் வைக்கும் சைவச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, விடியற்காலை பூஜையில் உட்காருவதற்குத்தான். ஷுகுபோ எனப்படும் அந்தக் கோயில் தங்கலைப் பற்றியதே இந்த விமர்சனம்.

முதலில் ஊர். ஒசாகாவுக்குத் தெற்கே, வாகாயாமா மாகாணத்தில், சுற்றிலும் சிகரங்கள் நிற்க, நடுவில் கிண்ணம்போல் கிடக்கும் சமதளம். உயரம் சுமார் 800 மீட்டர், ஏற்காட்டில் பாதிதான். ஆனால் ஜனவரியில் பனி கொட்டும், குழாய்த் தண்ணீர் உறையும். கூகாய் என்ற துறவிக்கு 816இல் பேரரசர் சாகா இந்த மலையைக் கொடுத்தார். கோபோ தைஷி என்று இறந்தபின் பட்டம் பெற்றவர் இந்தக் கூகாய்தான். ஷிங்கோன் என்னும் தாந்திரீக பௌத்தத்துக்கு அன்றிலிருந்து இதுதான் தலைமையிடம். இன்று 117 கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஐம்பதுக்குச் சற்றுக் கூடுதலானவை ஆட்களைத் தங்கவைக்கின்றன. கோயா நகரத்தின் மொத்த மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. ஒரு பல்கலைக்கழகம், ஒரு தபால் நிலையம், சில கடைகள், மீதியெல்லாம் கோயில். 2004இல் கீ மலைத்தொடரின் புனிதத் தலங்களோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

போகும் வழியில் முதல் தப்பு, ஜப்பான் ரயில்வே வண்டிகளுக்கான ஜேஆர் பாஸை நம்புவது. மலைக்கு ஏறுவது நங்காய் என்ற தனியார் ரயில். ஜேஆர் பாஸ் அதில் செல்லாது. ஒசாகாவின் நாம்பா நிலையத்திலிருந்து கோகுராகுபாஷி வரை ரயில், அங்கிருந்து கேபிள் கார், அதற்குமேல் பஸ். ‘கோயா’ என்ற லிமிடெட் எக்ஸ்பிரஸில் கோகுராகுபாஷிக்கு ஏறக்குறைய 80 நிமிடம். எல்லா இருக்கையும் முன்பதிவு. ஒரு நாளைக்குச் சில ஓட்டங்கள்தான் என்பதால் சனி ஞாயிறில் இடம் கிடைக்காது. பாஷை தெரியாத பெரியவர்களைக் கூட்டிப்போனால் இதற்கே கூடுதல் கட்டணம் கொடுங்கள். வண்டி மாற வேண்டியதில்லை. இளவட்டங்கள் சாதாரண டிக்கெட்டில் ஹாஷிமோதோ வரை வந்து, எதிர் பிளாட்பாரத்தில் நிற்கும் சின்ன ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். நேரம் இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான். ஹாஷிமோதோவுக்குமேல் பாதை ஆயிரத்துக்கு ஐம்பது என்ற சரிவில் ஏறுகிறது. வளைவுகள் இறுக்கமானவை, சக்கரம் கிறீச்சிடும். பஸ்ஸில் மலை ஏறினால் தலை சுற்றுபவர்கள் சாப்பிட்ட கையோடு இந்த வண்டியில் ஏறவேண்டாம்.

கேபிள் கார் 1930இலிருந்து ஓடுகிறது; இப்போதைய பெட்டிகள் 2019இல் வந்தவை. 328 மீட்டர் உயரத்தை ஐந்தே நிமிடத்தில் ஏறிவிடும். உச்சியில் சரிவு கிட்டத்தட்ட 29 பாகை. பெட்டிக்குள் தளம் படிக்கட்டாக இருப்பதால் பெரிய சூட்கேஸ் வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். 28 அங்குல சக்கரப் பெட்டியை ஒசாகா ஹோட்டலிலோ நாம்பா நிலைய லாக்கரிலோ விட்டுவிட்டு, ஒரு இரவுக்கான முதுகுப்பையோடு ஏறுங்கள். பல கோயில்களில் லிஃப்ட் கிடையாது. தாத்தாமி பாய்மேல் சக்கரம் உருட்டினால் முகம் சுளிப்பார்கள்.

மேல் நிலையத்தில் இறங்கியதும் ‘ஊர் பக்கம்தானே, நடந்துவிடலாம்’ என்று கிளம்பக்கூடாது. நிலையத்திலிருந்து ஊர் வாசலிலுள்ள நியோனின்தோ கூடம் வரையுள்ள சாலை பஸ்ஸுக்கு மட்டுமானது, நடக்க அனுமதி இல்லை. பஸ்ஸில் நடு ஊரான சென்ஜுயின்பாஷிக்கு பத்து நிமிடம், கூகாயின் சமாதியும் பெரிய இடுகாடும் உள்ள ஓகுனோயினுக்கு இருபது நிமிடம். முன்பணம் ஏற்றிவைக்கும் இகோக்கா பயண அட்டை ரயிலிலும் பஸ்ஸிலும் செல்லும். கன்சாய் விமான நிலையத்திலிருந்து நேரே வருபவர்கள் நாம்பா வரை போகவேண்டாம். தெங்காச்சாயாவில் இறங்கி கோயா லைனுக்கு மாறினால் போதும். ஆனால் சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழியாக இரவெல்லாம் தூங்காமல் பறந்து வந்த அன்றே மலையேறுவது முட்டாள்தனம். கோயிலில் ராத்திரி ஒன்பதுக்கு விளக்கணைத்து, காலை ஐந்தரைக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும். ஜப்பான் நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னே. அங்கே காலை ஐந்தரை என்றால் உங்கள் உடம்புக்கு அது நள்ளிரவு இரண்டு மணி. இரண்டு மூன்று நாள் ஒசாகாவில் பழகியபின் ஏறுங்கள்.

இனி முன்பதிவு. ஊரிலுள்ள ஷுகுபோ சங்கத்தின் மூலமாகவும் பதியலாம், ஹோட்டல் பதிவுத் தளங்களிலும் பல கோயில்கள் இருக்கின்றன. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து ஆளுக்கு சுமார் 12,000 யென்னில் தொடங்கும். தனிக் குளியலறை, தோட்டம் பார்த்த அறை என்று கேட்டால் 30,000த்தைத் தாண்டும். நூறு யென்னை அறுபது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கீழ்மட்டமே ஏழாயிரத்துச் சொச்சம். கவனிக்க வேண்டியது, விலை அறைக்கல்ல, ஆளுக்கு. கணவன் மனைவி இரண்டு பிள்ளைகள் என்று போனால் தொகை எகிறும். ஒசாகாவில் அதே காசுக்கு நல்ல ஹோட்டல் கிடைக்குமே என்று கணக்குப் பார்ப்பவருக்கு இந்த இடம் பிடிக்காது. பணம் இங்கே மெத்தைக்குப் போவதில்லை, சாப்பாட்டுக்குப் போகிறது.

விசாவுக்கு நாள்வாரியான பயணத் திட்டம் கேட்பார்கள். தங்கும் இடத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டும். ஆகவே கோயில் பெயரை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தேனாம்பேட்டையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்கு நேரே போய் நிற்க வேண்டியதில்லை, விண்ணப்பம் விஎஃப்எஸ் என்ற விசா சேவை நிறுவனம் வழியாகத்தான். ரத்துக் கட்டண விதியையும் வாசித்துவிட்டுப் பதியுங்கள். சாமான் வாங்கிச் சமைப்பது முன்கூட்டியே நடப்பதால், கடைசி நாளில் ரத்து செய்தால் பெரும்பாலும் முழுப் பணமும் போய்விடும்.

எந்தக் கோயில்? ஓகுனோயின் இடுகாட்டுப் பாதை தொடங்குகிற இச்சிநோஹாஷி பாலத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பது ஷோஜோஷின்இன். இருட்டிலும் விடியலிலும் நடக்க ஆசைப்படுபவருக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. எகோயின் வெளிநாட்டவருக்குப் பழகிப்போன கோயில். தினமும் காலையில் ஹோமம் பார்க்கலாம், தியான வகுப்பு உண்டு, ராத்திரி இடுகாட்டைச் சுற்றிக்காட்டும் ஆங்கில வழிகாட்டி நடையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. முதல்தடவை போகிறவருக்கு அதுவே சுலபம். ஆனால் ‘நாம் மட்டும் இருக்கும் ஒரு பழைய கோயில்’ என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள், வரிசையாக வெளிநாட்டு முகங்கள்தான் இருக்கும். மூட்டு வலிக்கு வெந்நீர் ஊற்று வேண்டும் என்பவருக்கு ஃபுகுச்சியின். ஊரில் இயற்கை வெந்நீர் ஊற்று உள்ள ஷுகுபோ அது ஒன்றுதான். அதன் தோட்டம் தோட்டக் கலைஞர் ஷிகெமோரி மிரெய் அமைத்தது. கொஞ்சம் ஒதுங்கிய இடம் வேண்டுமென்றால் கோங்கோசன்மாயின். 1223ஆம் ஆண்டைச் சேர்ந்த, தேசியப் பொக்கிஷமான இரண்டடுக்குக் கோபுரம் அதன் வளாகத்தில் நிற்கிறது.

இப்போது சாப்பாடு. சென்னைச் சைவக்காரருக்கு இந்த ஊரைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணமே இதுதான். ஜப்பானில் மற்ற ஊர்களில் ‘காய்கறி மட்டும்’ என்று சொல்லி வாங்கும் உடோன் நூடுல்ஸிலும் சூப்பிலும் மீன் சாறு இருக்கும். காய்ந்த போனித்தோ மீனைச் சீவிப்போட்டு எடுக்கும் தாஷி என்ற அந்தச் சாறு இல்லாமல் அவர்களுக்குச் சமையலே ஓடாது. பரிமாறுபவருக்கு அது மீனாகவே தோன்றாது, ஆகையால் பொய் சொல்லாமலே மீனைக் கொடுத்துவிடுவார். கோயாசானின் ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் சைவச் சமையலில் தாஷி கொம்பு என்ற கடற்பாசியிலும் காய்ந்த ஷிதாகே காளானிலும் எடுக்கப்படுகிறது. இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. வெங்காயம், பூண்டு வகையறாவுக்கும் தடை. வெங்காயம் பூண்டு தொடாத வீடுகளிலிருந்து போகிறவர்கள் ஜப்பானில் கேள்வி கேட்காமல் தட்டில் கை வைக்கக்கூடிய வேளை இதுவாகத்தான் இருக்கும். பால், தயிரும் வராது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மோர் சாதத்தில் முடிக்காவிட்டால் தூக்கம் வராதவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

ஜைனர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. முள்ளங்கி, கேரட், தாமரைத் தண்டு, சேப்பங்கிழங்கு வகை, கொன்யாக்கு என்ற கிழங்குக் களி என்று தட்டில் பாதிக்குமேல் மண்ணுக்கடியில் விளைந்தவை. நீக்கச் சொன்னால் மிஞ்சுவது சோறும் கடற்பாசியும்தான். கோதுமை ஒவ்வாதவர்களும் யோசிக்க வேண்டும். சோயா சாஸில் கோதுமை சேர்க்கிறார்கள், ஏறக்குறைய எல்லாப் பதார்த்தத்திலும் அது உண்டு. எள் ஒவ்வாமை இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், ஏனென்றால் தட்டின் கதாநாயகனே எள்தான்.

சாப்பாடு அரக்குப் பூசிய குட்டை மேசைகளில், சிறு கிண்ணங்களாக வரும். முதலில் கையை வைக்கவேண்டியது கோமாதோஃபு. பேரில் தோஃபு இருந்தாலும் சோயா கிடையாது. தோல் நீக்கிய எள்ளை வெண்ணெய்போல அரைத்து, கூட்ஸு கொடியின் கிழங்கு மாவோடு தண்ணீரில் கரைத்து, அடிபிடிக்காமல் கிளறி இறுக்கி ஆறவைப்பது. நல்லது கரண்டியில் வழுக்கும், நாக்கில் ஒட்டும். மோசமானது ஜெல்லிபோல் துள்ளும்; மாவு கூடி எள் குறைந்தால் அப்படி ஆகிவிடும். மேலே ஒரு துளி வாசாபி, கொஞ்சம் சோயா சாஸ். வாசாபியைப் புதினாச் சட்னி என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். அடுத்தது கோயாதோஃபு. குளிரில் உறையவைத்துக் காயப்போட்ட தோஃபுவை ஊறவைத்து, இனிப்பும் உப்பும் கலந்த சாற்றில் வேகவைத்திருப்பார்கள். கடித்தால் பஞ்சிலிருந்து சாறு பொங்கும். கூடவே ஒரு தெளிந்த சூப், காய்கறித் தெம்புரா (மாவில் முட்டை சேராது), வினிகர் பச்சடி, ஊறுகாய், சோறு, கடைசியில் ஒரு துண்டுப் பழம். சோறு மரச்சட்டியில் தனியாக வரும்; எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

குறை என்ன என்றால் காரம் இல்லை, எண்ணெய் மணம் இல்லை, எல்லாமே மெதுவான ருசி. பாதிக்குமேல் ஆறிப்போய்த்தான் வரும். சமையலறை தூரத்தில் இருக்கிறது, பரிமாறுவது இளம் துறவிகள். நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் தட்டு வைப்பதால் தெம்புராவின் மொறுமொறுப்பு போயிருக்கும். இதைப் பெரும் குற்றமாகச் சொல்வதற்கில்லை, ஆனால் இவ்வளவு விலைக்கு அது ஒன்றையாவது சூடாகத் தரலாம். பருப்புப்பொடி, ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டுமென்றால் பொது உணவுக்கூடத்தில் செய்யாமல், அறையில் பரிமாறும் கோயில்களில் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புளிப்பும் உப்பும்தான் தேவை என்றால் காலையில் வரும் உமெபோஷி போதும். அந்த ஊறுகாய்ப் பழம் ஒன்றே ஒரு கிண்ணம் சோற்றை இழுத்துக்கொள்ளும். பீரும் சாக்கே என்ற அரிசி மதுவும் பல கோயில்களில் விற்கிறார்கள். இதைக் கேட்டு மாமாக்கள் சிலருக்கு மலைமேல் திடீரென்று பக்தி பிறக்கும்.

நேரம் தவறினால்தான் எல்லாம் கெடும். சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கு. மூன்றிலிருந்து ஐந்துக்குள் கோயிலுக்குள் நுழைந்துவிட வேண்டும். ஏழு மணிக்குப் போய் ‘கொஞ்சம் லேட்டாயிடுச்சு’ என்றால் சோறு இல்லை. வெளியே ஹோட்டல்களும் அதற்குள் மூடியிருக்கும். பிஸ்கட்டும் இரண்டு வாழைப்பழமும் பையில் இருப்பது நல்லது, ஆறு மணிக்கே சாப்பிட்டுப் பழகாத வயிறு பத்து மணிக்குக் கூப்பிடும். பணமாக யென் கொண்டுபோங்கள். எல்லாக் கோயிலும் கார்டு வாங்குவதில்லை. தபால் நிலைய ஏடிஎம் வெளிநாட்டு அட்டையை ஏற்கும், ஆனால் அதற்கும் வேலை நேரம் உண்டு.

அறை என்றால் தாத்தாமி பாய் விரித்த கூடம், நடுவில் ஒரு குட்டை மேசை. நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் படுக்கையை விரித்துவிடுவார்கள். அறைக்கும் அறைக்கும் நடுவில் பல இடங்களில் காகிதம் ஒட்டிய நகர்கதவுதான். பக்கத்து அறைக் குறட்டை உங்கள் அறைக் குறட்டை. மெல்லிய தூக்கக்காரர்கள் காதடைப்பான் எடுத்துப்போக வேண்டும். தரையில் உட்கார்ந்து எழ முடியாத பெரியவர்களுக்குக் குட்டை நாற்காலி இருக்கிறதா, கட்டில் அறை இருக்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள். சில கோயில்களில் உண்டு. கழிப்பறை பொதுவாக இருக்கும். அதற்கென்று தனிச் செருப்பு. அதை மாட்டிக்கொண்டு அறைக்கு நடந்து வருவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பாய்மேல் எந்தச் செருப்பும் ஆகாது.

குளியல் விஷயத்தில்தான் பலர் தயங்குகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பொதுக்குளியல், உடையில்லாமல். முதலில் முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை போக அலசிவிட்டு, அதன்பிறகு சூடான தொட்டியில் உட்கார வேண்டும். துணி, துண்டு தொட்டிக்குள் போகக்கூடாது. தொட்டி அழுக்கு தேய்க்க இல்லை, உடம்பைச் சூடாக்க. கூச்சம் விடாது என்றால் மற்றவர்கள் சாப்பிட்டவுடன் போவதைத் தவிர்த்து, மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் போய்ப்பாருங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும். காலையில் குளித்துவிட்டுத்தான் பூஜைக்குப் போவோம் என்ற நம் வழக்கம் இங்கே நடக்காது. பல கோயில்களில் காலையில் குளியலறை திறப்பதில்லை. இரவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். யுகாத்தா என்ற பருத்தி அங்கியைக் கட்டும்போது வலப்பக்கத்தை உடம்போடு சேர்த்து, அதன்மேல் இடப்பக்கம் வரவேண்டும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சமாதிகள் உள்ள ஊரில் அந்தத் தவறைச் செய்யவேண்டாம்.

காலைப் பூஜை ஆறு அல்லது ஆறரைக்கு. அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை போகும். இருண்ட கூடம், பொன் விளக்குகள், துறவிகளின் ஒரே சுரத்தில் சூத்திர பாராயணம். யுகாத்தாவோடு போகக்கூடாது, சாதாரண உடை போதும். கால்மடக்கி உட்கார முடியாதவருக்குப் பின்வரிசையில் குட்டை முக்காலி உண்டு. கூப்பிட்டால் முன்னே போய் சாம்பிராணிப் பொடியை மூன்று தடவை கிள்ளித் தணலில் போட்டுக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஹோமம் பார்க்க வேண்டுமென்றால் அது எல்லாக் கோயிலிலும் கிடையாது, பதியும்முன் கேளுங்கள். குண்டமும் சமித்தும் நெய்க்குப் பதில் எண்ணெயுமாக அங்கே எரிவதை வீட்டில் கணபதி ஹோமம் பார்த்தவர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். வேண்டுதலை எழுதிய மரக்குச்சியைத் தீயில் போடச் சில நூறு யென் வாங்குகிறார்கள். நாக்கு, காது இரண்டுக்கும் பழக்கப்பட்ட ஏதோ ஒன்று எங்கோ ஒலிக்கும். கல்லறைத் தூண்களில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் வடமொழி பீஜங்கள் செதுக்கியிருப்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரோடு இருக்கும் இந்த உறவு சும்மா சொல்வதல்ல. ஊரின் மையக் கோயில் வளாகமான தான்ஜோ காரானில் நிற்கும் செந்நிறக் கோபுரம் கொன்பொன் தைதோ, 48.5 மீட்டர். இப்போதுள்ளது 1937இல் மறுபடி கட்டியது. அதன் உள்சுவர் மூலைகளில் இந்தச் சமயத்தைக் கைமாற்றித் தந்த எட்டு ஆசான்களின் படங்களை தோமோதோ இன்ஷோ வரைந்திருக்கிறார். அதில் ஒருவர் வஜ்ரபோதி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்வழியாகச் சீனா போனவர். காஞ்சிப் பல்லவ நாட்டோடு சேர்த்துப் பேசப்படுபவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருக்குச் சீடர் ஹுய்குவோ, அவரிடம் சீனாவின் அன்றைய தலைநகரான சாங்கானில் பாடம் கேட்டவர்தான் கூகாய். சென்னையிலிருந்து போகிறவர் நுழைவுக்காசு கொடுத்து ஒரு கட்டடத்துக்குள் மட்டும் போவதென்றால் இதற்குள் போங்கள். தலைமைக் கோயிலான கோங்கோபுஜியின் பான்ரியூதெய் கல்தோட்டம் 2,340 சதுர மீட்டர், ஜப்பானிலேயே பெரிது. அழகுதான், ஆனால் பத்து மணிக்குமேல் வராந்தாவில் நிற்க இடம் இருக்காது. எட்டரைக்குத் திறக்கும்போதே நுழைந்துவிடுங்கள். ரெய்ஹோகான் அருங்காட்சியகம் சிலை ஆர்வம் உள்ளவருக்கு மட்டும்.

ஓகுனோயினுக்குக் காசு இல்லை, ஊரின் உயிரே அதுதான். இரண்டு வாசல்கள் உண்டு. பஸ் நிறுத்தமான ஓகுனோயின்மாயேயில் இறங்கினால் நாகநோஹாஷி வழியாகக் குறுக்குப் பாதை, பாதித் தூரம். டூர் பஸ்கள் அங்கேதான் கொட்டும். நீங்கள் இச்சிநோஹாஷியில் தொடங்குங்கள்: இரண்டு கிலோமீட்டர், பலநூறு ஆண்டுத் தேவதாரு மரங்கள், பாசி படர்ந்த கல்லறைகள். ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்த தளபதிகள் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நினைவுக்கல் வைத்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஓதா நோபுநாகாவும் அவரைக் காட்டிக்கொடுத்த அகேச்சி மித்சுஹிதேயும்கூட. கடைசிப் பாலமான கோப்யோபாஷியைத் தாண்டினால் படம் எடுக்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, தொப்பி கழற்ற வேண்டும். ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுங்கள், ‘ஒரே ஒரு செல்ஃபி’ என்ற பேச்சு வேண்டாம். 835இலிருந்து கூகாய் உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் நாள்தோறும் காலை ஆறுக்கும் பத்தரைக்கும் அவருக்குச் சாப்பாடு தூக்கிப்போகிறார்கள். பத்தரை நைவேத்தியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நாகநோஹாஷிப் பக்கம் வாருங்கள். கம்பெனிகள் வைத்த கல்லறைகள் அந்தப் பக்கம்: ராக்கெட் வடிவம் ஒன்று, காப்பிக் கோப்பை ஒன்று, பூச்சிமருந்துக்காரர்கள் கரையான்களுக்கு எழுப்பிய நினைவுக்கல் ஒன்று.

நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு ஒரு நல்ல வழி, ரயிலில் மேலே போகாமல் குதோயாமாவில் இறங்கி சோயிஷிமிச்சி பாதையில் ஏறுவது. அடிவாரக் கோயிலான ஜிசோன்இன்னிலிருந்து தான்ஜோ காரான் வரை 180 கல்தூண்கள், ஏறக்குறைய 109 மீட்டருக்கு ஒன்று. இருபது கிலோமீட்டருக்குமேல், ஆறேழு மணி நேரம். காலை எட்டுக்குள் கிளம்பாவிட்டால் சாப்பாட்டு நேரத்துக்கு எட்ட முடியாது. வழியில் கடைகள் அநேகமாக இல்லை. தண்ணீர், சோற்று உருண்டையைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். கூகாயின் தாயார் தங்கியிருந்தது ஜிசோன்இன்னில்தான். மலைக்குப் பெண்கள் வரக்கூடாது என்ற விதியை 1872இல் அரசு நீக்கியது. அதற்கு முன் ஏழு வாசல்களிலும் பெண்கள் நின்று கும்பிட்ட கூடங்களில் இன்று மிஞ்சியது நியோனின்தோ ஒன்றே. பஸ் அதைத் தாண்டித்தான் ஊருக்குள் நுழைகிறது.

எப்போது போவது? நம் பள்ளிக் கோடை விடுமுறையில் போவதென்றால் ஏப்ரல் 29லிருந்து மே 5 வரையுள்ள அவர்களுடைய விடுமுறை வாரத்தைத் தவிர்த்து, மே நடுவில். பகலில் இதமாக இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஜூனில் மழை. ஆகஸ்டில் ஒசாகா வேகும்போது இங்கே ஐந்தாறு டிகிரி குறைவு. 13ஆம் தேதி ஓகுனோயின் பாதை முழுக்க மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள், அன்றைக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. காலாண்டுத் தேர்வு விடுமுறை சூறாவளிக் காலத்தில் விழுகிறது. 2017 அக்டோபர் புயலில் ஹாஷிமோதோவுக்குமேல் பாதை சரிந்து, அடுத்த மார்ச் கடைசி வரை கோகுராகுபாஷிக்கு ரயில் போகவில்லை. ஆகையால் அந்த மாதங்களில் மலையிலிருந்து இறங்கிய அன்றே விமானம் பிடிக்கும் திட்டம் போடாதீர்கள். இலை சிவப்பது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். சைவத்துக்குப் புரட்டாசி காத்திருந்து போகிறவர்கள் அதன் கடைசி வாரத்தில் பதிந்தால் குளிரும் கூட்டமும் இரண்டுமே தாங்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அறையில் ஹீட்டர் இருந்தாலும் நடைகூடம் உறைந்து கிடக்கும், பூஜைக்கூடத் தரையின் குளிர் கால்வழியாக ஏறும். இரட்டைச் சாக்ஸ் இல்லாமல் போகாதீர்கள்.

எத்தனை இரவு? ஒன்று போதும். சோயிஷிமிச்சி நடப்பவர்களுக்கு இரண்டு. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கூட்டிப்போவதைப் பற்றி இரண்டு தடவை யோசியுங்கள். சத்தம் போட முடியாத அறை, ருசி புரியாத சாப்பாடு, காகிதக் கதவு. எல்லாமே அவர்களுக்கு எதிரி. காகிதத்தில் விரல் போனால் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கி வருவதற்கு: ஹமாதாயா கடையின் கோமாதோஃபுவைச் சர்க்கரைப் பொடியோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், அது சென்னை வரை தாங்காது. காசாகுனியின் மிரோகு இஷி என்ற பயறுப் பூரணப் பலகாரம் சில நாள் நிற்கும். காய்ந்த கோயாதோஃபு மாதக்கணக்கில் கெடாது, கனமும் இல்லை. ஊர்ப்பெயர் கோயா என்றாலும் இப்போது பெரும்பகுதி நகானோ மாகாண ஆலைகளில் செய்யப்படுகிறது, ஆகவே ஒசாகா சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகவே வாங்கலாம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து வெள்ளை நீர் வருவது நிற்கும்வரை அழுத்திப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் குழம்பு உள்ளே இறங்காது, நடுவில் வறட்டுச் சுவை நிற்கும். வத்தக்குழம்பில் கடைசிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சுண்டைக்காய்க்குப் போட்டியாக நிற்கும்.